தைத்த கலமும் தைக்கும் கையும்

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டறியப்பட்ட மூழ்கிய கலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. சீனப் பீங்கான்களைச் சுமந்து சென்ற அக்கலம், ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைக்கும் மேலைக் கடல் மரபினது. ஆயினும் அதில் கண்ட கயிறு தென்னை நாரன்று. தென்கிழக்காசியக் கரைகளில் மிகுந்து வளரும் நீர்ப்பருத்தியின் நார் என்பர். பிறந்த துறைக்கு வெகு தொலைவில் அது பிரித்து மீளத் தைக்கப்பட்டிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவர்.

தைத்த கலத்திற்குப் பழுது பார்த்தல் இடையிடையே நேரும் செலவன்று. அதன் வாழ்வே அதுதான். நார் இற்றுப்போகும், தையல் தளரும். பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, பொருத்தின்மேல் நாரை அணைகொடுத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று கயிற்றை வாங்கி இறுக்குவர். பின் துளைகளை நாராலும் பிசினாலும் அடைப்பர். ஒரு துளையில் கை தளர்ந்திருப்பின் கரையில் எவர் கண்ணுக்கும் அது புலப்படாது, நடுக்கடலில்தான் புலப்படும். ஆதலின் திறன் மட்டும் போதாது; நம்பத்தக்க கையும் வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் ஓர்முசுத் துறையில் இத்தகைய கலங்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவை தீயன என்றும் பல கடலில் அழிகின்றன என்றும் எழுதினார். அக்குறை கலத்தினதா, காலத்தில் புதுக்காது விட்டவரதா என்பது எண்ணத்தக்கது. சென்னைக் கரையின் பேரலைகளில் ஆணியடித்த படகுகள் உடைய, தைத்த மசூலாப் படகுகளே வளைந்து கொடுத்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. துறைமுகம் எழுந்தபின் அவற்றின் தேவை குறைந்தது.

ஆணி பரவியபின் தைப்போர் அருகினர். 1980இல் டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் ‘சோகார்’ என்னும் கலத்தைக் கட்ட முனைந்தார். சூர் பெயர்பெற்ற கப்பல்கட்டும் ஊர். எனினும் தையல் தொழிலுக்கு இலட்சத்தீவிலிருந்தே ஆட்களை அழைக்க நேர்ந்தது. ஏறத்தாழ 640 கி.மீ. நீளமுள்ள தென்னங்கயிறு அதற்குச் செலவாயிற்று. 1981இல் அக்கலம் சீனத்தின் காண்டன் நகரை அடைந்தது.

அசந்தா ஓவியக் கலம் ஒன்றைப் பின்பற்றிக் கட்டிய ‘கவுண்டினியா’ 2025 மே 21 அன்று கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதனைத் தைத்தவர் பாபு சங்கரன் தலைமையிலான கேரளத் தொழிலாளர். அதன் தையல் தளரும் நாளில் பிரித்துத் தைக்கவும் அக்கரையையே நாட வேண்டியிருக்கும்.