புதன்கிழமைகளில் பாடம் இல்லாத பாடசாலை



போன கிழமை எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களின் வட்சப் குழுமத்தில் ஒரு நல்ல பேச்சு அடிபட்டது. பாடசாலைக்குப் புதிய விஞ்ஞான ஆய்வுகூடக் கட்டடம் ஒன்று வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் கை கொடுக்க வேண்டும் என்று. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற வகையில் ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்க வேண்டும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

முதலில் என்னுடைய ஒரு குறையைச் சொல்லி விடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் பத்தாம் தரத்தில் ஒரு மாணவி கேட்டாள். "சேர், எங்கட கிணத்துத் தண்ணி கோடையில உப்புக் கரிக்குது. பக்கத்து வளவுல மாமி ஊட்டுக் கிணறு கரிக்கிறதில்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். ஏன் சேர்?"

அன்று எனக்கு அலகை முடிக்கிற அவசரம். தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. "அது சிலபஸ்ல இல்ல புள்ள. ஓ.எல். எழுதிட்டு வந்து கேளுங்க" என்றேன். அவள் ஓ.எல். எழுதினாள். நல்ல பெறுபேறு. வர்த்தகப் பிரிவுக்குப் போய்விட்டாள். கிணற்றைப் பற்றிக் கேட்க அவள் பிறகு வரவேயில்லை.

அமெரிக்காவில் ஒரு பாடசாலையின் வரலாற்றை வாசித்தபோது அந்தக் கிணறுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பாடசாலையின் பெயர் இலினோய் கணித, விஞ்ஞான அக்கடமி. சிகாகோ நகரத்துக்கு மேற்கே ஒரோரா என்ற ஊரில் இருக்கிறது. ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'இம்சா' என்று அழைக்கிறார்கள். நமது காதுக்கு அது 'இம்சை' என்று கேட்கலாம். ஆனால் பிள்ளைகளை இம்சைப்படுத்துவது அவர்களா நாங்களா என்பதைப் பதிவை முடிக்கும்போது நீங்களே சொல்லுங்கள்.

அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் லியோன் லெடர்மன் என்ற பௌதிகவியலாளர். 1922இல் நியூயோர்க்கில் பிறந்தவர். பெற்றோர் உக்ரைனிலிருந்து குடியேறிய யூதர்கள். தகப்பன் கையால் துணி துவைத்துக் கொடுக்கும் லோண்டரி நடத்தியவர். மகன் அரசாங்கப் பாடசாலையிலும் நகரத்துப் பொதுக் கல்லூரியிலும் படித்து மேலே வந்தார்.

1962இல் லெடர்மனும் அவருடைய இரண்டு சகாக்களும் நியூட்ரினோ என்ற துணிக்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பரிசோதனையில் மற்ற எல்லாத் துணிக்கைகளையும் மறித்து, நியூட்ரினோவை மட்டும் கடக்க விடும் ஒரு தடுப்புச் சுவர் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பழைய போர்க்கப்பலிலிருந்து கழற்றிய இரும்புத் தகடுகளை. ஏறத்தாழ 5000 தொன். கேள்வி சரியாக இருந்தால் பழைய இரும்பும் ஆய்வுகூடம் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த வேலைக்காக 1988இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1970களின் இறுதியில் லெடர்மன் இலினோயில் உள்ள பெர்மி ஆய்வுகூடத்துக்கு இயக்குநரானார். புரோத்தன்களை வேகப்படுத்திய, 6 கிலோமீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள வளையத்தை அப்போது இயக்கிக்கொண்டிருந்த இடம். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் 1980இல் ஒரு சின்ன வேலையைத் தொடங்கினார். சனிக்கிழமை காலைகளில் அந்தப் பகுதி உயர்தரப் பிள்ளைகளை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு, விஞ்ஞானிகளைக் கொண்டே பௌதிகவியல் பேச வைத்தார். மாகாணம் முழுவதிலுமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வேண்டும் என்றும் அவர்தான் வற்புறுத்தினார்.

அதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. 1980இல் வட கரோலினா மாநிலம் டர்ஹம் நகரில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் அரசாங்கச் செலவில் ஒரு விடுதிப் பாடசாலையைத் திறந்திருந்தது. எங்கே தெரியுமா? மூடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில். 1983இல் அமெரிக்கக் கல்வி தரம் இறங்கிப் போகிறது என்று எச்சரித்து வெளிவந்த அரசாங்க அறிக்கை ஒன்று நாடு முழுக்கப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. இந்தச் சூழலில் 1985இல் இலினோய் சட்டசபை அக்கடமிக்கு அனுமதி கொடுத்தது. 1986இல் பாடசாலை தொடங்கியது. அதுவும் புதுக் கட்டடத்தில் அல்ல. வேறொரு பாடசாலை பயன்படுத்தி விட்ட கட்டடத்தில். முதல் தலைவராக இருந்தவர் ஸ்டெபனி பேஸ் மார்ஷல் என்ற பெண்மணி.

மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பத்தாம் தரத்தில் சேர்ந்து மூன்று வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து ஒரு தொகை வாங்குகிறார்கள். நமது நாட்டில் 1940களில் கன்னங்கரா அவர்கள் தொடங்கிய மத்திய கல்லூரிகளும் விடுதிகளும் உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. கிராமத்துப் பிள்ளையின் திறமை கிராமத்திலேயே முடங்கிவிடக் கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தப் பாடசாலை நீண்டகாலமாகக் கட்டிக் காத்து வந்த ஒரு வழக்கம் உண்டு. புதன்கிழமைகளில் வழமையான பாடம் இல்லை. அந்த நாளுக்கு 'விசாரணை நாள்' என்று பெயர். விசாரணை என்றால் பொலிஸ் விசாரணை அல்ல, தேடல். மேல் வகுப்புப் பிள்ளைகளில் ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் அன்று காலையில் வாகனம் ஏறிச் சிகாகோப் பல்கலைக்கழகம், நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், பெர்மி ஆய்வுகூடம் போன்ற இடங்களுக்குப் போவார்கள். அங்கே ஒரு விஞ்ஞானி அவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பார். இன்னும் சிலர் பாடசாலையிலேயே தங்கள் ஆசிரியரோடு வேலை செய்வார்கள். விஞ்ஞானம்தான் என்றில்லை. வரலாறு, இலக்கியம், பொருளாதாரம் பற்றியும் ஆய்வு செய்யலாம்.

எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐந்து நாள் படிப்பித்தே சிலபஸ் முடிவதில்லை. இவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, கிழமையில் ஒரு நாளைப் பாடம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளில்தான் பிள்ளை பாடப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்வியோடு தனியாக நிற்கிறது. கருவி பிழைக்கும். எண்கள் ஒத்து வராது. வழிகாட்டியே "எனக்கும் தெரியாது, பார்ப்போம்" என்பார். ஒரு பெரியவர் வாயிலிருந்து "எனக்கும் தெரியாது" என்ற சொல்லைக் கேட்பதே எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? என் வகுப்பில் கிடைக்கவில்லை. நான் "சிலபஸ்ல இல்ல" என்றுதான் சொன்னேன்.

வருட முடிவு நெருங்கும்போது இன்னொரு நாள் வரும். அன்றும் வகுப்புகள் இல்லை. ஆய்வு செய்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். பெற்றோர், ஆசிரியர், வழிகாட்டிகள், கீழ் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். நமது பரிசளிப்பு விழாவில் பிள்ளை மேடைக்கு வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போகும். அங்கே பிள்ளை மேடைக்கு வந்து பதில் சொல்லிவிட்டு இறங்கும். கீழ் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த வருடம் தானும் நிற்க வேண்டும் என்று. ஒரு வழக்கம் தலைமுறை தாண்டி நிற்பது இப்படித்தான். சுற்றறிக்கையால் அல்ல.

வேறு வழக்கங்களும் உண்டு. ஜனவரியில் ஒரு கிழமை வழமையான பாடங்களை நிறுத்திவிட்டு, விருப்பப்பட்ட விஷயங்களைக் குறுகிய வகுப்புகளாக நடத்துவார்கள். ஏழு விடுதிகள் இருக்கின்றன. பாடசாலை இருப்பது 1500ஆம் இலக்க முகவரியில் என்பதால் விடுதிகளுக்கு 1501 முதல் 1507 வரை இலக்கம்தான் பெயர். கணிதக்காரர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது! நமது இல்ல விளையாட்டுப் போட்டி போல இந்த விடுதிகளுக்கு இடையிலும் வருடாந்தம் போட்டி நடக்கும். சத்தம், நிறம், பாட்டு எல்லாம் இருக்கும். சமூக சேவை மணித்தியாலங்களை முடிக்காமல் பிள்ளை பாடசாலையை முடிக்க முடியாது. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று அவர்கள் இலக்கம் போடுவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்.

இங்கிருந்து வந்தவர்களில் யாரை நமக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். யூடியூப்பை 2005இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஸ்டீவ் சென் இங்கு படித்தவர். இணையம் பிறந்த காலத்தில் பெரும்பாலான இணையத் தளங்களை இயக்கிய வழங்கி மென்பொருளை எழுதிய ரொப் மெக்கூலும் இங்கு படித்தவர்தான். ஆனால் பெரிய பெயர்களை வைத்து நான் வாதாட வரவில்லை. அங்கு நடக்கும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். உலகம் அவற்றைப் பற்றிக் கேள்விப்படப் போவதில்லை. அதைச் செய்த பிள்ளைக்கு, ஒரு விஷயத்தை நம்புவதற்கு முன் அளந்து பார்க்கிற பழக்கம் மட்டும் மிஞ்சும். எனக்கு அதுவே போதும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மறைக்கக் கூடாது. இப்படிப்பட்ட பாடசாலைகள் பற்றி எப்போதும் எழும் கேள்வி இது: தெரிவு செய்த சில நூறு பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பொதுப் பணம்? மற்றப் பிள்ளைகளின் கதி என்ன? நியாயமான கேள்வி. லெடர்மனும் ஒரு பாடசாலையோடு நிற்கவில்லை. சிகாகோவின் சாதாரண அரசாங்கப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே தனியாக ஒரு பயிற்சி அக்கடமியை உருவாக்குவதிலும் முன்நின்றார். வயது போன பின்னரும் 1998 முதல் இம்சாவில் வதிவிட அறிஞராக இருந்து பிள்ளைகளோடு பழகினார். கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. 2015இல் அவருடைய நோபல் பதக்கம் 7,65,000 டொலருக்கு ஏலத்தில் போனது. 2018 ஒக்டோபரில் 96 வயதில் காலமானார். பாடசாலை இன்றும் நடக்கிறது.

நமக்குப் பக்கத்தில் பெர்மி ஆய்வுகூடம் இல்லை. தெரிந்தெடுத்த பிள்ளைகளும் இல்லை, வருகிற எல்லாப் பிள்ளையையும் நாம் படிப்பிக்கிறோம். உயர்தரப் போட்டியும் ரியூசனும் பிள்ளையின் சனியையும் ஞாயிறையும் எடுத்துக்கொண்டன. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு அமெரிக்கப் பாடசாலைகளும் பழைய கட்டடத்தில்தான் தொடங்கின என்பதை யோசித்துப் பாருங்கள். கட்டடம் பழையது. அவர்கள் புதிதாகக் கொடுத்தது நேரம். நாம் மறுபக்கமாகப் போகிறோம். கட்டடம் கட்டுகிறோம், திறப்பு விழா வைக்கிறோம், பிறகு பூட்டுப் போடுகிறோம். எங்கள் பழைய ஆய்வுகூடத்து அலுமாரியில் பிரிக்காத பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பிரிக்க ஆள் இல்லாமல் அல்ல, நேரசூசியில் இடம் இல்லாமல்.

ஆகவே கட்டட நிதி சேர்க்கும் சகோதரர்களிடமும், பாடசாலை அபிவிருத்திக் குழுவிடமும், பெற்றோரிடமும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: கிழமையில் ஒரு நாள் கடைசி இரண்டு பாடவேளைகளை 9ஆம், 10ஆம் தரப் பிள்ளைகளின் சொந்தக் கேள்விகளுக்கு ஒதுக்குவதற்கு அதிபரோடு பேச நான் தயார். அந்த நேரத்தைத் தவணைப் பரீட்சை வந்தாலும் யாரும் பறிக்காமல் நீங்கள் எங்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

இரண்டு: நோன்பு விடுமுறைக்கு முந்திய கிழமையில் எப்படியும் பாடம் சரியாக நடப்பதில்லை. அதில் ஒரு நாளை ஆய்வுகளைச் சொல்லும் நாளாக்குவோம். கிண்ணம் வேண்டாம், முதலாமிடம் இரண்டாமிடம் வேண்டாம். நீங்கள் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

மூன்று: நம் ஊரிலேயே பொறியியலாளர்கள், தாதியர், நீர்வழங்கல் துறையில் வேலை செய்பவர்கள், அனுபவமுள்ள விவசாயிகள், மீனவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாக இருங்கள். நமக்கு அதுதான் பல்கலைக்கழகம்.

அந்தக் கிணற்றின் கதை இன்னும் முடியவில்லை. அந்த மாணவியின் தம்பி இந்த வருடம் என்னுடைய 9ஆம் தர வகுப்பில் இருக்கிறான். "கிணறு இன்னும் கரிக்குதா மகன்?" என்று கேட்டேன். "ஓம் சேர், இப்ப முந்தியவிடக் கூட" என்றான். கடலோர மணலுக்குக் கீழே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. மேலே அதிகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புத் தண்ணீர் உயரும். அவர்கள் வீட்டுக் கிணறு கூட ஆழமா? மோட்டர் போட்டு இறைக்கிறார்களா? மாமி வீட்டில் இன்னும் வாளிதானா? எனக்கும் தெரியாது. ஒரு அளவு நாடாவும், கொப்பியும், தண்ணீரின் உப்பை அளக்கும் சின்னக் கருவியும் இருந்தால் ஒரு வருடத்தில் அவனே கண்டுபிடித்து எங்கள் எல்லாருக்கும் சொல்லுவான்.

அந்தக் கருவியை இந்த மாதச் சம்பளத்தில் நானே வாங்குகிறேன். எங்களுக்கு வேண்டியது நேரம்தான்.

உங்கள் கருத்துக்களைக் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.