காலடியில் ஒரு சுண்ணாம்புக் கம்பம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் அடுக்குமாடி வீடுகளில் புதுப்பிப்புப் பணி பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அப்பேச்சில் தவறாது இடம்பெறுவது வினைல் பலகை. பழைய ஓட்டுத் தரையை உடைக்காமல், அதன் மேலேயே மரம்போலத் தோன்றும் நீண்ட பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிப் பரப்பிவிடலாம். தூசி குறைவு, இரைச்சல் குறைவு, சில நாள்களில் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். “பழைய தரையை உடைப்பதா, மூடுவதா?” என்று பெற்றோர் சிலர் என்னிடமும் கேட்டதுண்டு. நான் கட்டடப் பொறியாளன் அல்லன், மொழியாசிரியன். ஆயினும் இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை ஒன்று உண்டு என்று கருதுகிறேன். சிங்கப்பூரின் தரைகளை அடுக்கடுக்காக நோக்கினால், அவற்றுள் நம் முன்னோரின் உழைப்பும் ஊர்ப்பெயரும் கலந்திருப்பது தெரியவரும்.

சூளையும் காளவாயும்

1819இல் ராஃபிள்சுடன் இத்தீவுக்கு வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை ஒன்றை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1827இல் சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நிறுவியவர் என்று நம் மாணவர்கள் அவரை அறிவர். இந்நகரின் முதற் கட்டட ஒப்பந்தக்காரர்களுள் ஒருவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தாப்புக் குடிசைகளாக இருந்த குடியேற்றத்துக்குச் செங்கல் கொடுத்த கை, தமிழர் கை.

அவருக்குப் பின் வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து கப்பலேற்றப்பட்டு இந்தியக் கைதிகள் இங்கு வந்திறங்கினர். முதல் தொகுதியில் வந்த 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்த அரை நூற்றாண்டு, அதாவது 1873இல் எஞ்சியோர் அகற்றப்படும் வரை, இந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் பெருங்கட்டடங்களையும் அமைத்ததில் கைதிகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கற்கள் 1867ஆம் ஆண்டு ஆக்ராவில் நடந்த பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றன.

செங்கல்லைப் பிணைக்கவும் பூசவும் சுண்ணாம்பு வேண்டுமல்லவா? 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அவற்றில் வேலை செய்த தமிழர்கள் தம் குடியிருப்பைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே வழங்கினர். கம்பம் என்பது ஊரைக் குறிக்கும் மலாய்ச் சொல் நம் நாவில் பெற்ற வடிவம். இன்றைய வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ‘சுண்ணாம்புக் கம்பக் கோயில்’ என்னும் பெயர் வழங்கியது. லிட்டில் இந்தியா என்னும் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்விடத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. அது தொழிலால் வந்த பெயர்.

அச்சுண்ணாம்பு எத்துணைச் சிறப்புடையது என்பதற்குச் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் சான்று. 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அக்கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகளே. உட்புறப் பூச்சுக்கு அவர்கள் கையாண்டது ‘மெட்ராஸ் சுண்ணம்’. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கரும்புச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசுவார்கள். உலர்ந்தபின் உருண்டைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கண்ணாடிபோல் பளபளக்கும். நம் ஊரில் வீட்டுச் சுவரையும் தளத்தையும் இழைத்த அதே காரை நுட்பம், கைதிகளின் கையோடு கடல் கடந்து வந்தது.

பூப்போட்ட ஓடுகள்

1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னே தொடர்ச்சியான நடைக்கூடம் விடப்பட வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார். அதுவே ஐந்தடிப் பாதை. வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட அவ்வெளி, பின்னாளில் வீட்டுக்காரரின் வளத்தைக் காட்டும் முகப்பாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும், பின்னர் ஜப்பானிலிருந்தும் வண்ண ஓடுகள் கப்பல் கப்பலாக வந்தன. பூவேலைப்பாடுடைய மெருகோடுகள் சுவருக்கும், கட்டங்களும் கோணங்களும் அமைந்த ஓடுகள் தரைக்கும் ஆயின. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள பெட்டேன் சாலையில், 1930இல் எழுந்த கடைவீட்டு வரிசையில் இத்தகைய வண்ண ஓடுகளை இன்றும் காணலாம்.

இதே காலத்தில் நகரத்தார் சீமையிலும் இவ்வோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் தரையில் பாய் விரித்து, முன்னே பெட்டியை வைத்துக்கொண்டு வட்டித்தொழில் செய்த செட்டியார்கள், ஊரில் எழுப்பிய மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வெளிநாட்டு ஓடுகளும் தருவித்தனர். பின்னர்க் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் அவ்வோட்டுக்கு உள்ளூர் மாற்று உருவாயிற்று. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை இல்லை, சுடுவதும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பு ஓட்டுக்கு வந்துவிடும். கால் படப்படப் பளபளப்பு கூடும் தரை அது.

கழக வீட்டுத் தரைகள்

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிக் குவித்தது. அத்தாப்புக் கூரையின் கீழ் மண் தரையில் வாழ்ந்த குடும்பங்கள் கான்கிரீட் மாடிகளுக்கு ஏறின. தொடக்கக் கால வீடுகளின் தரை பெரும்பாலும் வெறும் சிமெண்டுப் பூச்சு. வாங்கியவர்கள் தத்தம் வசதிக்கேற்ப மொசைக் போட்டார்கள். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்த தரை போட்டார்கள். பின்னர்ப் பீங்கான் ஓடு பதித்தார்கள். தேக்கா நிலையம் திறக்கப்பட்ட 1982ஆம் ஆண்டளவில், சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் கடைவீட்டு ஓடும் கழக வீட்டு மொசைக்கும் எதிரெதிரே நின்றன.

இன்று பலர் மூட நினைப்பது இந்த ஓட்டுத் தரைகளைத்தான். தாத்தாவும் பாட்டியும் சேமிப்பில் எடுத்த பணத்தில் கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்த நிறம் அது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள்.

வினைல் பலகைக்குள் இருப்பது என்ன?

பிவிசி என்னும் நெகிழியை வளைந்து கொடுக்கும் பொருளாக மாற்றும் வழியை அமெரிக்காவில் வால்டோ செமான் 1926இல் கண்டறிந்தார். 1933ஆம் ஆண்டுச் சிகாகோ பொருட்காட்சியில் வினைல் தரையோடு மக்கள் பார்வைக்கு வந்தது. உலகப் போருக்குப் பின் வீடுதோறும் பரவியது. அப்போதைய வினைல் மெல்லியது, பசையிட்டு ஒட்டப்பட்டது, கீழே உள்ள மேடுபள்ளத்தை அப்படியே மேலே காட்டிவிடும். 2010களில் பரவிய விறைப்பான பலகை வேறு வகை. ‘எஸ்பிசி’ என்று கடைக்காரர்கள் சொல்வது அதனைத்தான். அதன் நடுப்பகுதியில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் தூள். அதைப் பிணைப்பது பிவிசி. மேலே மரப் படம் அச்சிட்ட தாளும், தேய்மானம் தாங்கும் மெல்லிய படலமும் உண்டு.

சுண்ணாம்புக்கல் தூள்! சிராங்கூன் காளவாயில் நம்மவர் சுட்ட பொருளுக்கும் இதற்கும் வேதியியலில் ஒரே பெயர்: கால்சியம் கார்பனேட். அன்று சுட்டு, நீற்றி, குழைத்துப் பூசினார்கள். இன்று சுடாமல் அரைத்து நெகிழியோடு சேர்த்து அழுத்துகிறார்கள். சுண்ணாம்புக் கம்பம் வரைபடத்திலிருந்து மறைந்தது. சுண்ணாம்பு மட்டும் நம் காலடியை விட்டு நீங்கவில்லை.

உடைப்பதா, மூடுவதா?

1989இல் லிட்டில் இந்தியா பழமைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளைப் புதுப்பிப்போர்க்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த நெறி மூன்று: இயன்றவரை இருப்பதைக் காத்தல், கருத்தோடு மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். கழக வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமன்று. ஆயினும் இந்நெறி அங்கும் பொருந்தும். பூட்டிப் பரப்பும் பலகை தரையோடு ஒட்டுவதில்லை, மிதந்து கிடக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதைக் கழற்றினால், கீழே பழைய ஓடு இருக்கும். உடைத்த ஓடோ குப்பைத் தொட்டிக்குப் போனது போனதுதான். எனவே ஓடு உறுதியாக இருந்தால் மூடுவதே மேல் என்பது என் கருத்து. பசையிட்டு ஒட்டினால் இந்நன்மை இல்லை.

ஆனால் ‘ஓடு உறுதியாக இருந்தால்’ என்னும் நிபந்தனை முதன்மையானது. 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் வெப்பநிலை 22 பாகை அளவுக்கு இறங்கியபோது, பல வீடுகளில் தரையோடுகள் திடீரெனப் பெயர்ந்து எழும்பின. ஆகவே பலகை வாங்குமுன் ஒவ்வோர் ஓட்டையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் அந்த ஓட்டை எடுத்துச் சரிசெய்ய வேண்டும். இவற்றையும் மனத்திற்கொள்ளுங்கள்:

1. ஓடுகளுக்கிடையே உள்ள இடைவெளி அகலமாகவோ ஆழமாகவோ இருந்தால் நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் நடக்கும்போது பலகையின் பூட்டு அசைந்து நாளடைவில் முறியும்.

2. சுவரோரம் பலகை விரிவடைய இடம் விட வேண்டும். வெயில் நேராக விழும் இடத்தில் இது மிகவும் இன்றியமையாதது.

3. தரை உயர்வதால் அறைக்கதவுகளைச் சிறிது இழைக்க நேரும். வீட்டுக் காப்பறையின் எஃகுக் கதவை அவ்வாறு தொடக்கூடாது. எனவே அது திறக்கும் அளவை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கழக வீட்டில் சாந்தையும் சேர்த்துத் தரைப்பூச்சின் மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முன்பே ஓட்டின்மேல் ஓடு பதித்த வீடாயின் அளந்து பார்த்தே தொடங்க வேண்டும்.

5. பலகை நீரைத் தாங்கும். ஆயினும் பூட்டுகளின் வழியே இறங்கும் நீர் அடியில் தங்கிவிடும். குளியலறைக்கு அது ஏற்றதன்று.

6. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த கட்டுமானப் பொருள்கள் இங்கு 1980களின் இறுதியில் தடைசெய்யப்பட்டன. அதற்கு முற்பட்ட வினைல் ஓடுகள் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களே சுரண்டாதீர்கள். தகுதியுடையோரைக் கொண்டு சோதியுங்கள்.

வினைலை வானளாவப் புகழவும் நான் விரும்பவில்லை. அது நெகிழி; மறுசுழற்சி எளிதன்று. ஆத்தங்குடி ஓடு நூறாண்டு தாங்கும். வினைல் பலகை ஒரு தலைமுறை தாங்கினாலே பெரிது. ஆகவே மேலே பரப்புவது தற்காலிகம், கீழே கிடப்பதே நிலையானது என்னும் தெளிவோடு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

தரையோடு சில தமிழ்ச் சொற்களும் மூடப்பட்டு வருகின்றன. தளவரிசை, பாவுதல், காரை, சாந்து, நீற்றுதல், காளவாய், மெழுகுதல் ஆகிய சொற்களை நம் உயர்நிலை மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? கையால் செய்வது நின்றபின் வாயால் சொல்வதும் நின்றுவிடுகிறது.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் எளியது. பலகை பரப்புமுன் பழைய தரையை நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார், எந்த ஆண்டில், ஏன் அந்த நிறத்தில் பதித்தார்கள் என்பதைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டுத் தமிழில் பத்து வரி எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஓர் ஓடு தனியே கிடைத்தால் தூக்கியெறியாமல் வைத்திருங்கள். ஆசிரியர்கள் தேக்காவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, வண்ணச் சுவர்களைக் காட்டியபின் ஐந்தடிப் பாதையின் தரையையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வீரமாகாளியம்மன் கோயிலின் பழைய பெயரைச் சொல்லி, அப்பெயர் ஏன் வந்தது என்று கேளுங்கள்.

சுண்ணாம்புக் கம்பத்தில் காளவாயருகே வெந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் வைத்த ஊர்ப்பெயராவது நம் பிள்ளைகள் நாவில் இருக்கட்டும்.