மந்தர ஒலி வீடு வந்த வரலாறு

இசையைக் காத்து வைக்க மனிதன் கண்ட ஒவ்வொரு வழியும் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டிருக்கிறது. இதற்குத் திருமலையே சான்று. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருவேங்கடமுடையான் கோயிலில் ஓர் அறையில் வைக்கப்பெற்றன. ஆயிரக்கணக்கான பாடல்களின் சொல்லும் ராகப் பெயரும் அவற்றால் நமக்குக் கிடைத்தன. அன்னமாச்சாரியார் பாடிய மெட்டுக்களோ கிடைத்தில. செம்பு சொல்லைக் காத்தது. நாதத்தைக் காக்க அதற்கு ஆற்றல் இல்லை.

நாதத்தையே பிடித்து வைக்கும் கருவி பின்னர் வந்தது. அதுவும் நெடுங்காலம் ஒரு பகுதியைக் கைவிட்டே வந்தது. அப்பகுதி மந்தர ஒலியாகும். இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் பல இல்லங்களில், அலமாரித் தட்டில் அடங்கும் இரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இசை கேட்கின்றனர். அவற்றோடு சப்வூஃபர் என்னும் மூன்றாம் பெட்டியைச் சேர்க்க விரும்புவோர் உளர். இது வெறும் ஆடம்பரமா, அல்லது நாம் இழந்த ஒன்றை மீட்கும் முயற்சியா என்பதை வரலாற்றின் துணை கொண்டு ஆராய்வோம்.

முதலில் மந்தர ஒலி யாதெனக் காண்போம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவருக்கு ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 131 அதிர்வுகள் கொண்டது. தம்பூராவின் நான்காம் தந்தியாகிய மந்தர ஷட்ஜம் அதிற் பாதி, அதாவது சுமார் 65 அதிர்வுகள். மிருதங்கத்தில் ரவை அப்பிய தொப்பியின் நாதமும் இம்மந்தர நிலையைச் சார்ந்ததே. கச்சேரி என்னும் மாளிகைக்கு இவையே அடித்தளம்.

தொடக்கக் கால இசைத்தட்டுக்கள் மின்சாரமின்றிப் பதிவானவை. பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். இம்முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 250 முதல் 2500 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளே பதிவாயின. ஆடவர் குரலின் ஆதார ஷட்ஜத்துக்கே அங்கு இடமில்லை. தொப்பியின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? 1925-இல் அமெரிக்காவில் ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யும் மின்முறை வணிகத்துக்கு வந்தது. பதிவின் கீழெல்லை அப்போது 100 அதிர்வுகளை ஒட்டி இறங்கிற்று. மந்தர ஷட்ஜம் இன்னும் வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றது.

இவ்விழப்பின் அளவை உணர ஒரு குருவையும் சீடரையும் நினைவு கூர்வோம். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) லயத்தில் ஒப்பற்றவர் எனப் புகழ் பெற்றவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் சூழ அவர் நடத்திய கச்சேரிகளை ‘ஃபுல் பெஞ்ச்’ என்றே ரசிகர்கள் அழைத்தனர். அவர் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). புங்கனூரில் பிறந்து, சித்தூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 1954-இல் சங்கீத கலாநிதியான பெரியார் அவர். குருவின் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை. சீடரின் குரல் ஏறியது. எனினும் அத்தட்டுக்களின் காலத்தில் பதிவுக் கருவி, குரலுக்குத் தந்த இடத்தைத் தொப்பிக்குத் தரவில்லை. லயத்துக்கே பேர்போன ஒரு மரபுக்கு இது சிறு நஷ்டமன்று.

அங்ஙனமாயின் நம் முன்னோர் அத்தட்டுக்களை எவ்வாறு சுவைத்தனர்? செவியின் விந்தையே இதற்கு விடை. ஒரு நாதத்தின் அடிச்சுருதி நீங்கினும், அதன் மேற்சுரங்கள் ஒழுங்காக ஒலித்தால், மனம் அந்த அடிச்சுருதியைத் தானே நிரப்பிக் கொள்கிறது. தம்பூரா இதனாற் பிழைத்தது. அதன் குதிரை மேல் இடும் ஜீவாளி நூல் மேற்சுரங்களைப் பெருக்கும் வகையை 1921-இல் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். தொப்பியிலோ கை அழுத்த நாதம் குழைந்து எழும் கும்கியின் அழகு பெரிதும் அடிச்சுருதியிலேயே உறைகிறது. அதனை மனத்தால் நிரப்புதல் எளிதன்று.

பதிவு செய்வது ஒரு பாதி. திரும்ப ஒலிக்கச் செய்வது மறு பாதி. காகிதக் கூம்பைக் கம்பிச் சுருள் அசைக்கும் ஒலிபெருக்கியை 1925-இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கர் இருவர் செப்பம் செய்தனர். ஆயினும் இயற்கை ஒரு கடுமையான விதியை வைத்துள்ளது. அதிர்வு எண் பாதியானால், அதே அளவு ஒலிக்கக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். எனவே மந்தரத்துக்குப் பெருங்கூம்பும் பெரும்பெட்டியும் தேவையாயின. 1954-இல் எட்கர் வில்ச்சர், முற்றும் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, அளவிற் சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலி எழுப்பிக் காட்டினார். அதே 1954-இல் கடைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலியோ, உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் மந்தரத்தை மீண்டும் துரத்திற்று. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நெடுந்தட்டாக வெளிவந்த காலையில், பதிவுக்கலை நன்கு முதிர்ந்திருந்தது. கேட்ட பெட்டிகள்தாம் பெரும்பாலும் சிறியவை.

மந்தரத்துக்கெனத் தனிப்பெட்டி பரவலாகப் பேர்பெற்றது திரையரங்கினால். 1974-இல் வெளிவந்த ‘எர்த்குவேக்’ என்னும் ஆங்கிலப் படத்துக்கு, நிலநடுக்கத்தை உடலால் உணர்த்தவே பெரும் பெட்டிகள் அமைத்தனர். முழக்கத்துக்குப் பயன்பட்ட அக்கருவி இசைக்கும் பயன்படுவது, அதனை வைத்திருப்போரின் பக்குவத்தைப் பொறுத்தது.

வீட்டில் இதனைச் சேர்ப்போர் கருத வேண்டியவை சில. சிறு பெட்டிகளுக்கு மேற்பகுதியையும், ஏறத்தாழ 80 அதிர்வுகளுக்குக் கீழுள்ளதைப் புதுப்பெட்டிக்கும் பகிர்ந்தளிப்பது பொது வழக்கம். அத்துணைத் தாழ்ந்த ஒலி எத்திசையினின்று வருகிறதெனச் செவி எளிதில் அறியாது; ஆதலின் ஒரு பெட்டியே போதும். அறையும் ஒரு வாத்தியமே. 12 அடி நீளமுள்ள அறையில், சுமார் 47 அதிர்வுள்ள ஒலி சுவருக்குச் சுவர் மோதி ஓரிடத்தில் பெருகும், ஓரிடத்தில் மாயும். சிமெண்டுச் சுவர்கள் அதனை மேலும் வளர்க்கும். நாம் அமரும் இடத்தில் பெட்டியை வைத்து இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தாழக் குனிந்து கேட்டு வந்தால், மந்தரம் சீராக ஒலிக்கும் இடம் புலப்படும். பெட்டியை அவ்விடத்தில் நிறுத்துக. பின்னர், அது ஒலிப்பதே தெரியாத அளவுக்கு ஒலியைக் குறைக்க வேண்டும். அதனை அணைத்தால் மட்டுமே குறை தெரியவேண்டும். மந்தர ஒலி சுவரையும் எளிதில் ஊடுருவும் ஆதலின், அண்டை வீட்டார் உறக்கமும் நம் பொறுப்பே.

ஒன்றை மறத்தலாகாது. பதிவில் இல்லாத மந்தரத்தை எப்பெட்டியாலும் படைக்க இயலாது. பழைய தட்டுக்களோடு இப்பெட்டியைச் சேர்த்தால், தொப்பி கேளாது. சுழலும் தட்டின் உறுமலே கேட்கும். நாயனாப் பிள்ளையின் கச்சேரி நமக்கு இனி இல்லை. ஆனால் இன்று திருப்பதியிலும் சித்தூரிலும் பாடுவோரும் வாசிப்போரும் உளர். அவர்தம் இசையைப் பதிவு செய்வோர் தொப்பிக்கும் தம்பூராவுக்கும் உரிய இடத்தை அளிப்பாராக. செப்பேடு காவாத மெட்டையும், பழந்தட்டு காவாத மந்தரத்தையும் ஒருங்கே காக்கும் ஆற்றல் நம் தலைமுறைக்கு வாய்த்துள்ளது. அதனைப் பயன்படுத்தாது விடுவோமாயின், பின்வருவோர் நம் கருவிகளைக் குறை கூறார், நம்மையே கூறுவர்.