தூக்க மூச்சுத்தடை சிகிச்சையில் காற்று விழுங்கல்: வரலாறு

தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள் இரவில் முகமூடியுடன் அணியும் காற்றழுத்தக் கருவி சிபாப் எனப்படுகிறது. அதிலிருந்து வரும் காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல் உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குள் புகுவது காற்று விழுங்கல் ஆகும். மருத்துவத்தில் இதற்கு ஏரோஃபேஜியா என்று பெயர். காலையில் வயிற்று உப்புசம், தொடர் ஏப்பம், வயிற்று வலி, அதிகமாக வாயு பிரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆனால் இத்தொல்லை தாங்காமல் கருவியைக் கழற்றி வைத்தால் மூச்சுத்தடை மீண்டும் தொடங்கிவிடும் என்பதால் இது கவனிக்க வேண்டிய சிக்கலாகிறது.

காரணம்

தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பிரிகின்றன. உணவுக்குழாயின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் உள்ள வளையத் தசைகள், விழுங்காத நேரத்தில் அதை மூடி வைத்திருக்கும். வெளியிலிருந்து செலுத்தப்படும் காற்றின் அழுத்தம் கூடினாலோ, அத்தசைகள் தளர்ந்திருந்தாலோ காற்று வயிற்றுக்குள் இறங்கும். சிபாப் கருவிகளின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு வரை வைக்கப்படுகிறது.

சிபாபிற்கு முன்

வெளியிலிருந்து காற்றைச் செலுத்தினால் அது வயிற்றுக்கும் போகும் என்பது 18ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. நீரில் மூழ்கியவர்களை உயிர்ப்பிப்பது குறித்து எடின்பரோ மருத்துவர் வில்லியம் கல்லன் 1774இல் ஒரு கடிதம் எழுதினார். துருத்தியால் காற்று ஊதும்போது குரல்வளையைப் பின்னோக்கி அழுத்தி உணவுக்குழாயை மூட வேண்டும் என்ற அலெக்சாண்டர் மன்றோவின் முறையை அதில் குறிப்பிட்டார். 1961இல் இங்கிலாந்து மயக்க மருந்து மருத்துவர் பிரையன் செல்லிக், இரைப்பையில் உள்ளவை மேலேறி வருவதைத் தடுக்க இதே போன்ற அழுத்தும் முறையை விளக்கினார்.

1971இல் அமெரிக்காவின் ஜார்ஜ் கிரிகரியும் உடன் பணியாற்றியவர்களும், மூச்சுத்திணறல் கொண்ட குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துப் பயன் கண்டனர். இச்சிகிச்சை பெறும் குழந்தைகளின் வயிறு காற்றால் உப்புவது 1992இல் தனியாக விவரிக்கப்பட்டு, 'சிபாப் வயிறு' என்று பெயர் பெற்றது. குழந்தையின் வாய் வழியாக இரைப்பைக்கு மெல்லிய குழாய் செலுத்திக் காற்றை வெளியேற்றுவது வழக்கமான தீர்வு. தினமும் வீட்டில் உறங்கும் பெரியவர்களுக்கு இத்தீர்வு பொருந்தாது.

பெரியவர்களுக்கான கருவி

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதை 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள் தனித்தனியே பதிவு செய்தன. அடுத்த சில ஆண்டுகளில் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பதே கடுமையான நோயாளிகளுக்கான சிகிச்சையாக இருந்தது.

1980இல் சிட்னியில் கோலின் சல்லிவன், அத்துளையிடலை ஏற்க மறுத்த ஒருவருக்கு மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அந்த இரவு தொண்டை அடைபடவில்லை. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு ஆரம்பக் கருவிகள் உருவாயின. 5 நோயாளிகளிடம் கண்ட பயனை 1981இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அவர்களுக்குப் பயன்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு மட்டுமே. 1985 முதல் இக்கருவி வணிக முறையில் விற்பனைக்கு வந்தது.

தொல்லை ஆய்வுக்கு வந்தது

முதல் கால் நூற்றாண்டில் ஆய்வுகளின் கவனம் தொண்டையைத் திறந்து வைப்பதிலும் முகமூடிக் கசிவிலும் இருந்தது. வயிற்று உப்புசம் சிறு பக்கவிளைவாகவே கருதப்பட்டது. 2008இல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த நத்தானியேல் வாட்சனும் சூ மிஸ்ட்கவ்ஸ்கியும் காற்று விழுங்குவோரை, அத்தொல்லை இல்லாத பிற சிபாப் பயனாளர்களுடன் ஒப்பிட்டனர். காற்று விழுங்குவோரிடம் நெஞ்செரிச்சல், அமிலம் எதுக்களித்தல் ஆகியவை அதிகம் காணப்பட்டன. உணவுக்குழாயின் கீழ்த் தசை தளர்ந்திருப்பது இரண்டுக்கும் பொதுக் காரணமாகலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

கருவிகளின் மாற்றமும் இத்தொல்லையைக் குறைக்க உதவியது. மூச்சை வெளிவிடும்போது அழுத்தத்தைத் தாழ்த்தும் இருநிலைக் கருவி 1990இல் மூச்சுத்தடைக்குப் பயன்படுத்தப்பட்டது. பிறகு, தேவைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கிக் கருவிகள் வந்தன. இரவு முழுவதும் ஒரே அழுத்தம் பெறுவோரை விடத் தானியங்கிக் கருவி பயன்படுத்துவோருக்கு உப்புசமும் ஏப்பமும் குறைந்ததை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இந்தியாவில்

மும்பையில் சரீர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயது வரையான ஆண்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் 7.5 விழுக்காட்டினருக்குப் பகல் தூக்கத்துடன் கூடிய மூச்சுத்தடை நோய் இருப்பதாகக் கணித்தது. குறட்டையை நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தால் நோய் தாமதமாகத் தெரியவருகிறது. கருவி வாங்கிய பின்னரும் தமிழ்நாட்டில் இன்னொரு தடை உண்டு. காலை உப்புசத்தை 'வாய்வு' என்று கொண்டு, முந்தைய இரவு உண்ட கிழங்கையோ பருப்பையோ காரணமாக்குவதும், ஓமமும் பெருங்காயமும் எடுத்துக்கொள்வதும் எளிது. அப்போது கருவியின் அழுத்தம் பற்றி மருத்துவரிடம் சொல்லாமலே போய்விட நேரும்.

தீர்வுகள்

இன்று பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன:

உப்புசம் கருவி அணிந்த நாள்களில் மட்டும் வருகிறதா என்று குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுதல்.

மருத்துவர் வழியாக அழுத்தத்தை மறுபரிசோதனை செய்தல். தேவையானால் தானியங்கி அல்லது இருநிலைக் கருவிக்கு மாறுதல்.

மூக்கடைப்பு, எதுக்களித்தல் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுதல். முகமூடியின் பொருத்தத்தைச் சரிபார்த்தல்.

இரவு உணவை உறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே முடித்தல். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துதல்.

அழுத்தத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்வது நல்லதல்ல. வயிறு இதமாக இருந்தாலும் தொண்டை மீண்டும் அடைபட்டு, உறங்குபவர் அறியாமலே மூச்சு நின்று நின்று வரலாம். கடுமையான வயிற்று வலியோ தொடர் வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.