ஏழு நாள் கேம்ப் பிறந்த கதை

மே மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதிதான் திறப்பார்கள். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. மண்ணையும் கோரையையும் அள்ளி வாய்க்காலைத் தூர்வார வேண்டுமானால் மதகு திறப்பதற்கு முந்தைய அந்தச் சில வாரங்கள்தான் வாய்ப்பு. கல்லூரிகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. வேலை ஒரு பக்கம் காத்துக் கிடக்க, இளவட்டங்கள் இன்னொரு பக்கம் சும்மா இருக்க, இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். மாணவர்களை ஊர்வேலைக்கு இறக்கும் அந்த யோசனை தில்லியில் சுதந்திரம் வந்த சூட்டோடு பிறந்துவிட்டது. நாட்டு நலப்பணித் திட்டமாக (என்.எஸ்.எஸ்.) உருவெடுக்கத்தான் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன.

இழுபறி முழுவதும் ஒரே கேள்வியில்: மாணவர்களின் சேவை விருப்பமா, கட்டாயமா?

1950-இல் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், மாணவர்கள் தாமாக முன்வந்து உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டமும் மாணவர்களின் உழைப்புச் சேவையை வலியுறுத்தியது. அங்கங்கே உழைப்பு முகாம்கள் நடந்தன. நேருவுக்கு அது போதவில்லை. பட்டம் வாங்குவதற்குச் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக்கினால் என்ன என்று 1958-இல் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே சி.டி.தேஷ்முக் தலைமையில் குழு அமைந்தது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் நுழைய விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசிய சேவை செய்தாக வேண்டும் என்றது குழு. பணம் எங்கே, நடத்துவது யார் என்ற கேள்விகளில் அது அப்படியே நின்றுபோனது. ரிசர்வ் வங்கி கவர்னராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த ஒருவரின் பரிந்துரை செலவுக்கணக்கில் மாட்டிக்கொண்டதை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு கல்வியாளர் கே.ஜி.சையிதைன் பல நாடுகளில் மாணவர் சேவை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, விரும்பியவர்களை வைத்துச் செய்யுங்கள் என்றார். அதற்குள் 1962-இல் சீனப் போர் வந்தது. கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது, சில ஆண்டுகளில் அந்தக் கட்டாயமும் கசந்தது. 1967-இல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள், என்.சி.சி. வேண்டாதவர்களுக்கு மாற்றாக நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஆக, கட்டாயம் தோற்ற இடத்தில்தான் என்.எஸ்.எஸ். பிறந்தது.

1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு. கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் 37 பல்கலைக்கழகங்களில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தேசிய வருமானத்தைக் கணக்கிட்ட முன்னோடிப் பொருளாதார அறிஞர் அவர்; பிறந்தது நம் காஞ்சிபுரத்தில். முதலாண்டில் சேர்ந்தவர்கள் சுமார் 40,000 பேர்.

இந்தச் சேவையை முன்பே செய்து காட்டிய இடம் நம் பக்கத்திலேயே உண்டு. தேனியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கிழக்கே போனால், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947-இல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது, 1956-இல் அங்கே கிராமிய நிறுவனமும் வந்தது. சுற்றுக் கிராமத்துக்குப் போய் வேலை செய்வது அங்கே படிப்போடு சேர்ந்தே இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து 1962-இல் மக்களவைக்குப் போன சௌந்தரம், மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். தில்லி குழு போட்டுத் தேடியதற்கு நடைமுறை உதாரணம் பழைய மதுரை மாவட்டத்திலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

காந்திகிராமத்தில் கிராமிய நிறுவனம் தொடங்கிய அதே 1956-இல்தான் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும் வந்தது. பிற்பாடு பெரியகுளம், போடி, தேனி, கம்பம் என்று கல்லூரிகள் பெருகின. மாணவர்கள் ஊரில் தங்கி வேலை செய்யும் என்.எஸ்.எஸ். முகாமுக்கு நாடு முழுக்க ஒரு வடிவம் கிடைத்தது 1973-இல், பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்கள் என்ற தலைப்பில். முன்பு பத்து நாள். பிறகு ஏழு நாள் என்றாகிவிட்டது. ஓர் அலகுக்கு நூறு பேர், அதில் பாதிப்பேர் முகாமுக்கு. தத்தெடுத்த கிராமத்தின் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோதான் தங்குமிடம். விடியலில் உடற்பயிற்சி, கொடியேற்றம், வெயில் ஏறுமுன் களப்பணி, மதியம் யாராவது வந்து சொற்பொழிவு, இரவு கலைநிகழ்ச்சி. மதியச் சொற்பொழிவில் கண் சொக்காதவர்கள் முகாமை நடத்தும் திட்ட அலுவலரும் சொற்பொழிவாளரும் மட்டும்தான்.

ஆனால் கேம்ப்பின் உயிர் இந்த அட்டவணையில் இல்லை. ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பையனும், அதே தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறிப்போகும் கூலிக்காரர் வீட்டுப் பையனும் ஒரே அண்டாவைத் தேய்க்க வேண்டியிருந்தது. கம்பத்திலும் சின்னமனூரிலும் தெருவுக்குத் தெரு சாதி பிரிந்து கிடந்த காலத்தில், ஐம்பது பேர் ஒரே ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்தது சாதாரண விஷயமல்ல. சமைக்கும் முறை வந்த நாளில்தான் பலருக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது என்பதே வெளியில் வந்திருக்கும். பெண்கள் கல்லூரிகளில் இன்னொரு சிக்கல்: வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியிராத பிள்ளையை அனுப்ப அப்பாவைச் சம்மதிக்க வைப்பது களப்பணியைவிடக் கடினம்.

பருவத் தேர்வு முறை வந்தபின் பல கல்லூரிகளில் கேம்ப் கோடையை விட்டு டிசம்பருக்கோ பிப்ரவரி, மார்ச்சுக்கோ நகர்ந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது யார் தூர்வாருவது? அப்படியே வாரினாலும், ஐம்பது பேர் மண்வெட்டியோடு ஒரு வாரம் செய்வதை ஜேசிபி அரை நாளில் முடித்துவிடும். அதனால் களப்பணி கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, வீடுவீடாகக் கணக்கெடுப்பது என்று சுருங்கியது. நேரு கேட்ட நிபந்தனையும் ஒருவாறு பின்வாசல் வழியாகத் திரும்பியிருக்கிறது: தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் பகுதி 5 என்று விரிவாக்கப் பணி இருக்கிறது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என ஏதாவதொன்றில் சேர்ந்து ஒரு கிரெடிட் வாங்கியாக வேண்டும். தேஷ்முக் கேட்டது ஓராண்டு. கிடைத்தது ஒரு கிரெடிட்.

ஊர்க்காரர்களின் கணக்கோ தனி. “கோயிலைக் கூட்டுனது இருக்கட்டும் சார், அடுத்த வருசமும் நம்மூருக்கே வாங்க, மாட்டாஸ்பத்திரி டாக்டரையும் கூட்டிட்டு வாங்க” என்பார்கள். கால்நடை மருத்துவ முகாம் வைக்கும் நாளில் கூடும் கூட்டம், நிறைவு விழாவுக்குக் கூடுவதில்லை.