மண்ணெண்ணெயும் மானியமும்

இலங்கையில் மானியத்தின் கதை ஏழையின் அடுப்போடு பிணைந்த கதையாகும். அது அன்று அரிசியிலே தொடங்கி, இன்று மண்ணெண்ணெயிலே வந்து நிற்கின்றது.

1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில், 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டரிசி 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. நிதி மந்திரியாக இருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகள் விடுத்த அழைப்பையேற்று மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். மந்திரிசபை பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலே கூட நேர்ந்தது. உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

இப்பாடத்தை ஆளும் வர்க்கம் மறக்கவில்லை. 1979இல், ஜனாதிபதியாகிவிட்ட அதே ஜயவர்த்தனாவின் அரசாங்கம் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கியது. முத்திரையிலே பொறித்த ரூபா அசையவில்லை. கடையில் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. 1953இல் ஒரே கட்டளையால் செய்ய முயன்றதைப் பணவீக்கம் ஓசையின்றிச் செய்து முடித்தது.

2012 பெப்ரவரியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாயிற்று. எதிர்த்து நின்ற மீனவர் ஒருவர் சிலாபத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 ஆகஸ்டில் 87 ரூபா ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. அதே மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது.

மானியத்தால் பயன்பெறுபவன் செல்வந்தனே என்பர் சிலர். பெற்றோலைப் பொறுத்தமட்டில் இதில் உண்மையுண்டு. கார் உடையவனே அதனை மிகுதியாக நுகர்கிறான். ஆனால் மண்ணெண்ணெயை வாங்குபவர் யார்? வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் கடலுக்குச் செல்லும் தொழிலாளி. எரிவாயு வாங்க வசதியற்ற குடும்பம். மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்ட வீட்டின் மாணவன். மலிவான மண்ணெண்ணெய் டீசலுடன் கலக்கப்படுகிறது என்பது மற்றொரு நியாயம். கலப்படக்காரனைப் பிடிக்க இயலாமல், போத்தலுடன் கடைக்கு வரும் கிழவியைத் தண்டிப்பது என்ன நீதி?

நாட்கூலியாளன் அன்றன்றைய உழைப்பில் அன்றன்றைய எண்ணெயை வாங்குபவன். விலையேறினால் அவன் குறைக்கக்கூடியவை மூன்றே: ஒரு வேளைச் சமையல், பிள்ளையின் இரவுப் படிப்பு, கடலுக்குச் செல்லும் நாள். மூன்றாவதைக் குறைத்தால் வருமானமே குறையும்.

விலையுயர்வு நள்ளிரவில் வந்துவிடுகிறது. நிவாரணமோ விண்ணப்பம், விசாரணை, பட்டியல் என்று நடந்து வருகிறது. 2022இல் சமுர்த்தியோடு சிறுதொகை சேர்க்கப்பட்டதாயினும், அஸ்வெசும கொடுப்பனவு 2023இலேதான் தொடங்கியது.

மானியம் என்றென்றும் மாறாது நிற்கவேண்டும் என்பதன்று நம் வாதம். நிவாரணம் முதலிலும் விலை பின்னரும் வரவேண்டும். விலையேறுந்தோறும் நிவாரணமும் ஏறவேண்டும். 1953உம் 1979உம் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. இதனை வகுப்பறையிலே சொல்லிக் கொடுப்பது நம் கடனாகும்.