பி சைடின் கடைசிப் பாட்டு

கேசட்டின் பி சைடில் கடைசியாக வரும் பாட்டு போய்விட்டது. அதற்காக யாரும் கேசட் வாங்கியதில்லை. கடைக்காரர் வாசலில் சத்தமாகப் போட்டதும் அதை அல்ல. ஆனாலும் நான் உயிராக நினைக்கும் திரைப்பாடல்களில் பாதி அந்த இடத்திலிருந்து வந்தவைதான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட், எண்பதுகளில் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம். இளையராஜாவின் பெரிய படம் ஒன்றுக்காகக் காசு கொடுத்தவர், பெயரே கேள்விப்படாத ஒரு படத்தின் பாட்டுகளையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் படம் ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போயிருக்கும். பாட்டு அவரோடு தங்கிவிட்டது.

கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டுவது லேசான வேலை இல்லை. ஃபார்வர்டை அழுத்தி, நிறுத்தி, கேட்டுப் பார்த்து, கூடுதலாக ஓடியிருந்தால் திரும்பச் சுற்ற வேண்டும். டேப் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. அதற்குப் பதில் பிடிக்காத பாட்டையும் கேட்டுவிடலாம் என்றுதான் விட்டோம். ரஹ்மான் பாட்டு ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் ஏறும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். சரிதான், அப்படிக் கேட்கவைத்தது கேசட். வாங்கிய அன்று “இந்தத் தடவை சுமார்தான்டா” என்றவனே அடுத்த வாரம் வந்து, “பி சைடு கடைசிப் பாட்டைக் கேட்டியா?” என்று கையைப் பிடித்துக்கொள்வான். ஒரு ரசிகனின் கருத்து அப்படி மாறுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ரஹ்மான் இசையில் 1997இல் வந்த ‘இருவர்’ படத்தின் பாடல்களை எடுத்துக்கொள்வோம். ‘காதலன்’ மாதிரி துள்ளலை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் கர்நாடக சங்கீதத்தின் சாயலில் பாடினார்கள், ஹரிணி ஜாஸ் பாடினார், ஆஷா போஸ்லே வந்தார். போதாததற்கு, வைரமுத்துவின் கவிதைகளை அரவிந்த்சாமி வாசித்தார். அதில் முணுமுணுக்க மெட்டுகூடக் கிடையாது. எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஓடவிட்டு ஓடவிட்டுத்தான் அந்த வாசிப்புகளையும் பாட்டாகவே கேட்கப் பழகினேன். தனித்தனியாக வெளியிட்டிருந்தால் அவற்றை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

‘தளபதி’யில் (1991) யேசுதாசும் எஸ். ஜானகியும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு படத்திலேயே இல்லை. திரையில் காட்சி கிடைக்காத அந்தப் பாட்டை வாழவைத்தது ஒலிநாடாதான். மெட்டு போட்டவரும் எழுதியவரும் பாடியவர்களும் உழைத்த உழைப்பு அப்படியாவது நம்மிடம் வந்து சேர்ந்தது.

சிடி வந்தபோதே தாண்டிப் போவது சுலபமாகிவிட்டது. எம்பி3 காலத்தில் வேண்டிய பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆனாலும் ஒரு படத்தின் பாட்டுகள் ஒரே நாளில், ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. 2011 நவம்பர் 16 அன்று ‘3’ படத்தின் கொலவெறிப் பாட்டு தனியாக வந்து உலகமெல்லாம் ஓடியது. அனிருத்துக்கு அது முதல் படம். அந்தப் பாட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை, நானும் அதற்கு ஆடியவன்தான். ஆனால் அதற்குப் பிறகு தனிப்பாட்டாக விடுவதே வழக்கமாகிவிட்டது. ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். தனியாக வரும் பாட்டு முதல் அரை நிமிஷத்தில் பிடித்தாக வேண்டும். மெதுவாக அவிழும் பாட்டுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

இன்றைய ரசிகர்களின் காது மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தோஷ் நாராயணன் பாட்டில் வரும் ஒரு சின்னத் தாளவாத்தியத்தைக்கூடப் பிரித்துச் சொல்லும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் மிச்சப் பாட்டுகள் படம் வரும் வெள்ளிக்கிழமையை ஒட்டித்தான் கிடைக்கின்றன. ஒருமுறை கேட்பதற்குள் விமர்சனம், வசூல், அடுத்த படத்தின் ஃபர்ஸ்ட் சிங்கிள் அறிவிப்பு எல்லாம் வந்துவிடுகின்றன.